அங்கே மீன் கொழுப்பு

மொரேகி துறை
செப்டம்பர் 16, 2022

முன்னாள் நீதிபதி யோ இன்ஹு அவர்களுக்கு,

சியோலில் முதன்முதலாக மண்ணுக்கு அடியில் ரயில் விட்டார்களே, அந்த வருடம். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. ரயில் விட்ட அதே நாளில் ஜனாதிபதியின் மனைவியை அரங்கத்தில் வைத்துச் சுட்டார்கள். எங்கள் துறையில் அந்தக் குளிர்காலம் மியோங்தே மீன் வந்ததுபோல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. காயப்போட இடமில்லாமல் பள்ளிக்கூட வேலியிலும் தொங்கவிட்டோம். வருடக் கடைசியில், முதல் பனி விழுந்து தெரு கறுத்துப் போயிருந்த ஒரு காலையில், நீதிமன்றத்தின் நடு நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எதையும் குறித்து வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

நான் இங்கே இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மாதிரி ஆட்கள் நெடுங்காலம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. அறுவடைத் திருநாளுக்கு நீங்கள் அனுப்பிய பெட்டியும் வந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியது நூடுல்ஸ் கடை பியோ அம்மா. இதை எழுதுவதும் அவள்தான். நிரபராதிகளைச் சிறையில் தள்ளும் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்று சியோலில் நீங்கள் தலைமை தாங்கிக் கூட்டம் போடுகிறீர்கள். வடக்குக்காரர்கள் பிடித்துப்போய், திரும்பி வந்ததும் உளவாளி என்று தெற்குக்காரர்கள் சிறையில் போட்டு, தலை நரைத்த பிறகு குற்றமற்றவன் என்று சொல்லப்பட்ட மீனவன் என்று என்னை மேடையில் ஏற்றுவீர்கள். நீதித்துறையின் சார்பில் என் முன்னால் தலை குனிவீர்கள். பஸ் செலவும் கொடுப்பீர்கள்.

பெட்டியைத் திறந்தால் பட்டுத்துணி சுற்றிய காய்ந்த மியோங்தே. மியோங்தே பிடித்ததற்காகக் கெட்டுப்போனவனுக்கு மியோங்தே அனுப்ப உங்களால்தான் முடியும். அடியில் சின்ன எழுத்தில் ரஷ்யா என்று போட்டிருந்ததைப் பியோ அம்மா கண்டுபிடித்தாள். எங்கள் கடலில் அந்த மீன் அற்றுப்போய் வெகு காலம் ஆகிறது.

தாக் சாங்குன் என்ற பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. எங்கள் படகை ஓட்டியவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர். மூடுபனியில் வடக்குக்காரர்கள் எங்களை இழுத்துப் போனபோது சுக்கானில் இருந்தவர். அந்த வழக்கில் எங்கள் எல்லோருக்கும் சிறை. அதிலிருந்துதான் இப்போது விடுவித்திருக்கிறார்கள். ஆனால் அண்ணனுக்கு மட்டும் இரண்டாவதாக ஒரு வழக்கு உண்டு. வெளியே வந்தபின் ஒருநாள் சாராயக் கடையில், "அங்க மீனு நல்ல கொழுப்பு" என்றார். அவ்வளவுதான். எதிரி நாட்டைப் புகழ்ந்தார் என்று மூன்று வருடம் போட்டார்கள். போட்டவர் நீங்கள்.

அதில் நான் சாட்சி. அவர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டார்கள். சொன்னார், மீனும் கொழுத்துத்தான் இருந்தது என்றேன். உட்காரச் சொன்னீர்கள். பிறகு அண்ணன் எழுந்து, வாக்குமூலத்தை அடித்து வாங்கினார்கள் என்று சொல்லி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினார். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஒன்று சொன்னீர்கள். எழுத்தர் அதை எழுதவில்லை. உங்கள் தீர்ப்பில், அவர் மனமுவந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று இருக்கிறது.

வழக்குக் கட்டு இப்போது இல்லையாம். தீர்ப்பு மட்டும் இருக்கிறது. அண்ணன் செத்துப்போனார். எங்கள் மாதிரி ஆட்களுக்காக அலையும் சங்கத்தின் வழக்கறிஞர் கா யுன்ஹா, அவருக்காக மறு விசாரணை கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். அன்று நீங்கள் சொன்னதை நானும் அண்ணனின் மனைவியும் தனித்தனியே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டோம். நாங்கள் அவருக்கு வேண்டியவர்கள், எங்கள் பேச்சு மட்டும் நிற்காது என்கிறாள் கா யுன்ஹா. நீங்களும் அதையே சொன்னால் நிற்கும். அதனால் அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். நான் சொல்லிக் கொடுத்தால் அது என் பேச்சாகிவிடும். எனக்கு வேண்டியது உங்கள் பேச்சு.

மேடை வேண்டாம். கூண்டில் ஏறிச் சொல்லுங்கள்.

மா சில்போக்
(கைநாட்டு)


சியோல்
அக்டோபர் 5, 2022

மதிப்பிற்குரிய மா சில்போக் ஐயா அவர்களுக்கு,

மரங்கள் சிவக்கத் தொடங்கிவிட்டன. கடற்கரையில் காற்று இன்னும் கடுமையாக இருக்கும், முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள். தாங்கள் மனம் திறந்து எழுதியதைப் பணிவோடு ஏற்றுக்கொள்கிறேன். மீனைப் பற்றி என் மருமகளிடம் கேட்டேன். கடையில் அதுதான் உயர்ந்த ரகம் என்றார்களாம். அறியாமல் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டும்.

தாக் சாங்குன் அவர்களின் வழக்கை விசாரித்தவன் நான் என்பதே தங்கள் கடிதம் கண்ட பின்புதான் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் எத்தனையோ வழக்குகள். அன்று நான் ஏதேனும் சொன்னேனா என்பது நினைவில் இல்லை. நினைவிருந்தாலும், நீதிபதி தன் தீர்ப்பின் வழியாக மட்டுமே பேசுகிறார் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். தீர்ப்புக்கு வெளியே அவருக்கு வாய் கிடையாது. வாழ்நாளெல்லாம் காத்த ஒழுங்கை இந்த வயதில் மீறுவது எப்படி?

அது ஒரு காலத்தின் வலி, ஐயா. ஒரு வகையில் நாம் எல்லோருமே அந்தக் காலத்தால் பாதிக்கப்பட்டவர்கள். தனி மனிதர்களைக் கூண்டில் ஏற்றுவதைவிட அமைப்பைச் சீர்செய்வதே பயன் தரும். மறு விசாரணைக்கு நீதிமன்றமே அனுமதி தந்த பிறகும், அரசு வழக்கறிஞர் மேல்முறையீடு செய்து வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. எத்தனையோ முதியவர்கள் அதற்குள் இறந்துபோகிறார்கள். அந்த விதியை நீக்கவே எங்கள் குழு போராடுகிறது. தங்களைப் போன்றோர் மேடையில் அமர்ந்தால் நாடு கேட்கும். மீண்டும் யோசிக்க வேண்டுகிறேன்.

பணிவன்புடன்,
யோ இன்ஹு


மொரேகி துறை
நவம்பர் 9, 2022

தீர்ப்பின் வழியாக மட்டும் பேசும் யோ இன்ஹு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பியோ அம்மா வாசித்தபோது அண்ணன் மனைவி போங் கும்ரே கடையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாம் எல்லோருமே பாதிக்கப்பட்டவர்கள் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அவருக்கு எங்க அடி விழுந்துச்சாம்?"

"கடுதாசியில போடல அண்ணி."

"கேட்டு எழுது. களிம்பு அனுப்பலாம்."

அதனால் கேட்கிறேன். எங்கே விழுந்தது?

இதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை சொன்னேன். பியோ அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதெல்லாம் எழுத மாட்டேன் அண்ணே. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடுற வாய் இது."

"வாய் பாடட்டும். கை எழுதட்டும்."

"கையும் சர்ச்சுக்குத்தான் வருது."

எனவே அந்த வார்த்தை இந்தக் கடிதத்தில் இல்லை. நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

காலத்தின் வலி என்கிறீர்கள். காலத்துக்குக் கை கிடையாது. அண்ணனை அடித்தவனுக்குக் கை இருந்தது, மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் இருந்தது. அடித்துவிட்டு அதே கையால் ஆரஞ்சு உரித்துத் தின்றான். உங்கள் நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் அவனே உட்கார்ந்திருந்தான். காலம் வந்து உட்காரவில்லை. தீர்ப்புக்கு வெளியே உங்களுக்கு வாய் கிடையாதாம். அன்று இருந்தது. கூடம் முழுக்கக் கேட்க இருந்தது.

அண்ணன் வெளியே வந்தபின் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, சொல்கிறேன். கடலுக்குப் போக போலீஸ் முத்திரை வேண்டும், அவருக்குக் கிடைக்காது. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைத் தைத்தார். மாதாமாதம் ஒரு போலீஸ்காரன் வீட்டுக்கு வந்து, வாற்கோதுமைத் தேநீர் குடித்துக்கொண்டே, இந்த மாதம் யாரிடம் என்ன பேசினாய் என்று கேட்பான். அண்ணன் மீன் என்ற சொல்லையே விட்டுவிட்டார். படகு கரைக்கு வந்தால், "அது வந்திருக்கா?" என்பார். சந்தையில், "அது என்ன விலை?" என்பார். சொந்த மனைவியிடம், சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அதுல உப்புக் கொஞ்சம் கம்மி" என்பார். சாகும்வரை அப்படித்தான். மீன் பிடிப்பவன் வாயிலிருந்து மீனைப் பிடுங்கினீர்கள். செத்தபோது பாடை தூக்க ஊரில் ஆள் வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றியும் எனக்கு உயர்ந்த எண்ணம் கிடையாது. இப்போது என் விடுதலைக்குத் துணியில் வாழ்த்து எழுதிச் சந்தை வாசலில் கட்டியிருப்பவர்கள் அவர்கள்தான்.

அந்த விதியை நீக்குங்கள். அது நல்ல வேலை, நான் இளக்காரமாக நினைக்கவில்லை. தப்பான ஆளைப் பூட்டிவிட்டோம் என்று தெரிந்த பிறகும், பூட்டியவனைக் கேட்டுத்தான் கதவைத் திறப்போம் என்பது என்ன சட்டம்? ஆனால் அதற்காகக் கா யுன்ஹா வருடக்கணக்காகச் செருப்புத் தேய நடக்கிறாள். சிறை வாசல்களில் நின்று, ஒன்றும் இல்லாதவர்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்கிறாள். நடு நாற்காலியை அவளுக்குக் கொடுங்கள். அந்த வேலையின் மேல் ஏறி நின்றுகொண்டு கீழே குனிந்து பார்க்காத உங்களைத்தான் நான் மதிக்கவில்லை.

என்ன சொன்னீர்கள் அன்று? இன்னும் பதில் வரவில்லை.

மா சில்போக்
(கைநாட்டு)


சியோல்
ஜனவரி 17, 2023

மதிப்பிற்குரிய மா சில்போக் ஐயா அவர்களுக்கு,

புத்தாண்டில் தாங்களும் தாக் அவர்களின் துணைவியாரும் நலம் பெற வேண்டுகிறேன். தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அவர் மீன் என்ற சொல்லை விட்டுவிட்டார் என்பதைப் படித்த அன்று, சாப்பாட்டு மேசையில் வைத்த மீனை எடுத்துப்போகச் சொன்னேன்.

நினைவை மிகவும் துழாவிப் பார்த்தேன். நான் 'அமைதி' என்று சொல்லியிருக்கலாம். அல்லது 'நீதிமன்றத்தின் மாண்பைக் காக்கவும்' என்று சொல்லியிருக்கலாம். அக்காலத்தில் வழக்கமாக அப்படித்தான் சொல்வோம். இவற்றில் எது என்று தாங்கள் சிறு குறிப்புக் காட்டினால், எழுத்து வடிவில் ஓர் அறிக்கை அனுப்ப முயல்வேன். நேரில் வருவது கடினம். இதயத்துக்குக் கருவி வைத்திருக்கிறார்கள். நீண்ட பயணம் கூடாது என்கிறார் மருத்துவர்.

பணிவன்புடன்,
யோ இன்ஹு


மொரேகி துறை
பிப்ரவரி 8, 2023

யோ இன்ஹு அவர்களுக்கு,

இரண்டும் இல்லை.

மாண்பைக் காக்கச் சொன்னால் யாராவது சிரிப்பார்களா? நீங்கள் சொன்னதற்குக் கூடமே சிரித்தது. அரசு வழக்கறிஞர் சிரித்தார். வாசல் காவலன் சிரித்தான். உங்கள் இடப்பக்கத்து நாற்காலியில் இருந்த இளைய நீதிபதி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தங்கப்பல் தெரிந்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. வேடிக்கை சொன்னவன் சிரித்தால் ருசி போய்விடும் என்று தெரிந்தவர். அண்ணன் திரும்பிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கால்சட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அதைத்தான் மனமுவந்து என்று எழுதியிருக்கிறீர்கள்.

குறிப்புக் கேட்காதீர்கள். பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்த்து எழுதும் வயதா இது?

மே மாதம் விசாரணை. அண்ணியும் நானும் இரண்டு பஸ் மாறிப் போவோம். அவளுக்கு இடுப்பு, எனக்கு முழங்கால். உங்களுக்கு இதயத்தில் கருவி என்றால், இதயம் இருக்கிறது என்று மருத்துவரே பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு அது புதுச் செய்தி.

ஒன்று மட்டும். விடுதலைத் தாளைவிட, நீங்கள் அதை உங்கள் வாயால் சொல்வதுதான் அண்ணிக்கு வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அவன் சொல்லட்டும், அப்புறம் சொல்றேன்" என்கிறாள்.

மா சில்போக்
(கைநாட்டு)


சியோல்
மார்ச் 2, 2023

மா சில்போக் ஐயா,

தங்கள் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு அது நினைவில் இருந்தது. மறப்பதற்கு வழியே இல்லை. பல ஆண்டுகள் நண்பர்களின் விருந்துகளில் அதை நானே கதையாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவிக்கும் தெரியும். போன வாரம் அவள்தான் கேட்டாள்: "அந்தக் கால்சட்டைக்காரர் ஊரிலிருந்தா கடிதம் வருது?"

இரண்டு கடிதங்களில் தங்களிடம் பொய் எழுதினேன். மே மாதம் வருகிறேன்.

யோ இன்ஹு


மொரேகி துறை
நவம்பர் 28, 2023

யோ இன்ஹு அவர்களுக்கு,

போன வாரம் தீர்ப்பு வந்தது. குற்றமற்றவர். மறு விசாரணைக்கு அனுமதி கிடைத்தபோதும் அரசு வழக்கறிஞர் மேல்முறையீடு செய்யவில்லை. மீன் கொழுத்திருந்தது என்பது மீனைப் பற்றிய பேச்சு, நாட்டைப் பற்றிய பேச்சு அல்ல என்று அந்த இளம் பெண் நீதிபதி வாசித்தாள். இதைக் கண்டுபிடிக்க உங்கள் தொழிலுக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. வாசித்து முடித்து எழுந்து அண்ணியை வணங்கினாள். கா யுன்ஹா அழுதாள். அண்ணி அவள் முதுகில் தட்டி, "போ, போய் அடுத்த ஆளைப் பாரு" என்றாள்.

மே மாதம் நீங்கள் சொல்லி முடித்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டீர்கள். அதனால் உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

கூண்டில் ஏறியதும் முதலில் நீங்கள் சொன்னது: "இது பொதுக் குளியல்கூடம் அல்ல; கால்களை மூடிக்கொள்ளுங்கள்." நீதிபதி கேட்டாள், இதே வார்த்தைகளா என்று. தண்ணீர் குடித்தீர்கள். பேச்சைக் கழுவி வைத்துச் சொல்லும் பழக்கம் கூண்டு வரைக்கும் வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முழுதாகச் சொன்னீர்கள்: "இது என்ன குளியல்கூடமா? முதுகு தேய்க்க இங்க ஆள் இல்ல. மூடுடா காலை." நானும் அண்ணியும் சொல்லியிருந்ததில் ஒன்றுகூடப் பிசகவில்லை. விருந்துகளில் சொல்லிச் சொல்லி நன்றாகவே பழகியிருந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதை நல்ல குணம் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கே சிரிக்கக் கூடாது என்று இந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சில்போக், அன்னிக்கு நானும் சிரிச்சேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"தங்கப்பல்லு என் வாயையே பாத்துட்டு இருந்தான். சுத்தி எல்லாம் சிரிக்குது. நான் மட்டும் சும்மா இருந்தா அதுக்கும் ஒரு வழக்குப் போடுவானுங்க. வீட்டுல கைக்குழந்தை. சிரிச்சேன். அப்பத்தான் அவரு திரும்பிப் பாத்தாரு."

"அண்ணன் அப்புறம் ஏதாச்சும் கேட்டாரா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. சாகுற வரைக்கும் கேக்கல. 'அதுல உப்புக் கம்மி'ம்பாரு, அவ்வளவுதான்." பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. "சொன்னவனே இப்ப ஒத்துக்கிட்டான். இனிமே அது அந்த ஆளோட சிரிப்பு. எங்கிட்ட இல்ல. அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்."

நீங்கள் சொல்லாமல் செத்திருந்தால் அவள் அதைச் சுமந்துகொண்டே போயிருப்பாள். அதனால் உங்களுக்கு நன்றி எழுதச் சொல்கிறாள் பியோ அம்மா. எழுத மாட்டேன். எடுத்ததைத் திருப்பி வைத்தவனுக்கு எங்கள் துறையில் யாரும் நன்றி சொல்வதில்லை.

உங்கள் மருமகள் நூடுல்ஸ் கடைக்கு ஃபோன் செய்து, அண்ணனின் கல்லறைக்கு வந்து நீங்கள் வணங்கலாமா என்று கேட்டாளாம். வேண்டாம். மேடு ஏற வேண்டும். உங்கள் கருவிக்கு ஆகாது. வந்தாலும் அவர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

உங்கள் பெட்டி ஒரு வருடமாக என் வீட்டு அலமாரியில் கிடந்தது. அண்ணனின் நினைவு நாளுக்கு முன்னால் கடலில் எறியப் போனேன். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். "மீன் என்ன தப்புப் பண்ணுச்சு?" கல்லின் மேல் வைத்துத் தடியால் அடித்தாள். காய்ந்த மியோங்தேயை அடித்துத்தான் மிருதுவாக்க வேண்டும். ஆனால் அவ்வளவு அடி தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். படையல் வைத்து, கும்பிட்டு, பிறகு ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"மெலிஞ்ச மீனு. அவரு சொன்னது சரிதான்."

இனி எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். உங்கள் கூட்டத்தில் அந்த விதியை நீக்கினால் கா யுன்ஹா எனக்குச் சொல்வாள்.

மா சில்போக்
(கைநாட்டு)

பி.கு. கைநாட்டு வைத்த பிறகு, அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அரசு வழக்கறிஞர் செத்தார். எழுத்தர் செத்தார். உங்கள் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலி. தங்கப்பல்லுக்குப் பிள்ளைகள் பெரிய சாவாகவே எடுத்தார்கள், பல்லோடு. அண்ணன் போனார். நீங்களும் நானும் மூச்சு விடுகிறோம். அதற்கு மேல் நம்மைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இன்று காலை படகு கரைக்கு வந்தபோது, சந்தை வாசலில் கட்டிய துணி வாழ்த்துக்குக் கீழே ஊரே நிற்க, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "என்னப்பா, மீனு கொழுப்பா இருக்கா?" என்று துறை முழுக்கக் கேட்கும்படி ஒருத்தி கத்தினாள். அன்றைய ஆட்களில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான், போங் கும்ரே.